‘ஏனையவை’ என்னும் கட்டம்

திருகோணமலையில் ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால் படிவத்தில் சமயம் என்ன என்று கேட்பார்கள். பௌத்தம், சைவம், இஸ்லாம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம் என்று ஏதாவது ஒன்றை எழுத வேண்டும். இலங்கையில் சமயம் பாடசாலைப் பாடம். சாதாரண தரப் பரீட்சையிலும் அதற்கு வினாத்தாள் உண்டு. எழுதிய பதிலைப் பொறுத்துத்தான் பிள்ளை எந்த வகுப்பில் உட்காரும் என்பது.

வெருகல், ஈச்சிலம்பற்று, மூதூர்ப் பக்கத்துப் பழங்குடி வேடர் குடும்பத்துப் பிள்ளை என்றால் ‘சைவம்’ என்று எழுதிவிடுவார்கள். பெற்றோரும் மறுப்பதில்லை. பிள்ளையார் கோயிலுக்கும் வெருகல் முருகனிடமும் போகிறவர்கள்தானே. பேசுவதும் தமிழ்தான். ஆனால் வீட்டில் ஒருவருக்குத் தீராத நோய் வந்தால் அவர்கள் கூப்பிடுவது செத்துப்போன முன்னோரை. மரத்தடியைக் கூட்டிப் பெருக்கிப் பந்தல் போட்டு, வெள்ளைத் துணி கட்டி, வெற்றிலை பாக்கு, தேங்காய், பாற்புக்கை வைத்துச் சடங்கு தொடங்கும். பறை ஏற ஏற ஒருவர் உருவேறி ஆடுவார். முன்னோர் அவர் வாயால் பேசுவார்கள். ஆகமம் கிடையாது, ஐயர் கிடையாது, கோபுரமும் கிடையாது. சடங்கு முடிந்து பந்தலைப் பிரித்துவிட்டால் அங்கே கோயில் இருந்ததற்கு அடையாளமே இராது.

1911இல் வேடர்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய செலிக்மன் தம்பதியர் இந்தக் கரையோர வேடர்களையும் பார்த்தார்கள். கடல் கடந்து வந்த அந்நிய ஆவிகளைக் ‘கப்பற்பேய்’ என்று இவர்கள் அழைத்ததைக் குறித்து வைத்தார்கள். துறைமுகக் கரையில் வாழ்பவர்களுக்குத் தெய்வமும் கப்பலில் வந்து இறங்கியதில் என்ன வியப்பு!

இது எந்தச் சமயம்? ஐரோப்பாவில் இத்தகைய வழிபாடுகளுக்கு வைத்த பெயர் பேகன். மயிலுக்குப் போர்வை கொடுத்த நம் வள்ளல் பேகனுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. லத்தீனில் அதன் மூலச்சொல்லுக்கு நாட்டுப்புறத்தான் என்று பொருள். கிறிஸ்தவம் நகரங்களில் பரவிய பிறகு, பழைய தெய்வங்களை விடாதவர்களுக்கு அது வசைப்பெயராக ஒட்டிக்கொண்டது. தமிழில் பழைய மிஷன் எழுத்துகள் இதையே ‘அஞ்ஞானி’ என்றன.

அந்தப் பெயர் திருகோணமலையில் முதலில் விழுந்தது வேடர் மீதல்ல, சைவர் மீது. 1620களின் தொடக்கத்தில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனோ த சா கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினான். அதே நூற்றாண்டில் இலங்கையின் வரலாற்றை எழுதிய இயேசு சபைப் பாதிரியார் கெய்றோஸ், அந்தக் கோயில் புறச்சமயிகளுக்கு ஒரு ரோமாபுரி போல இருந்தது என்ற பொருளில் எழுதினார். புகழ்ச்சிபோல் கேட்கும். புகழப்பட்டவர் அஞ்ஞானி என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே இல்லை.

பெயர் அதோடு நிற்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் மிஷனரிகளுக்குப் பதில் சொல்லிச் சைவத்தை ஒழுங்குபடுத்தியபோது, ஆகமத்துக்குள் அடங்காத பலியையும் கண்ணகி வழிபாட்டையும் கண்டித்தார். ‘சிறுதெய்வம்’ என்ற சொல் அப்படித்தான் ஊர்க்கோயில்களின் மேல் குந்திக்கொண்டது. மேலே இருந்தவன் வைத்த பெயரை வாங்கியவன் கீழே இருப்பவனுக்குக் கைமாற்றினான். நாவலரைக் குறை சொல்லவில்லை, அவருக்கு வேறு சண்டை இருந்தது. ஆனாலும் வேடர் வழிபாடு தன்னைச் சைவம் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சப்படுவதும், சைவம் அல்ல என்று சொல்ல அஞ்சுவதும் இந்தக் கைமாற்றத்தில் வந்த பழக்கம்தான்.

எண்ணிக்கையைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 1911 கணக்கெடுப்பில் வேடர் என்று பதிவானவர்கள் 5,332. 1953இல் 803. 1963இல் 400. ஐம்பது ஆண்டில் ஒரு மக்கள் கூட்டமே செத்துவிடவில்லை. உள்நாட்டில் சிங்களவராகவும் கிழக்குக் கரையில் தமிழராகவும் எழுதப்பட்டார்கள், அவ்வளவுதான். 2012 கணக்கெடுப்பு வெளியிட்ட இன அட்டவணையில் வேடருக்குத் தனி வரிசையே இல்லை. சமய அட்டவணையிலும் பெரிய சமயங்கள் போக மிச்சமுள்ள எல்லாருக்கும் ஒரே கட்டம்: ஏனையவை.

இவ்வளவு சிறிய கூட்டத்துக்கு இது ஏன் முக்கியம்? திருகோணமலை மாவட்டத்தில் எண்ணிக்கை ஓர் ஆயுதம். 2012இல் நூற்றுக்கு ஏறத்தாழ 42 பேர் முஸ்லிம்கள். பௌத்தர்களும் இந்துக்களும் தலா 26 பேர் அளவில். எந்தப் பக்கத்துக்கும் ஒரு தலை குறையக் கூடாது. 2005 மே மாதம் பேருந்து நிலையத்தருகே இரவோடிரவாக ஒரு புத்தர் சிலை எழுந்ததும் நகரமே கடையடைத்தது. கன்னியா வெந்நீரூற்று சைவருடையதா பௌத்தருடையதா என்று வழக்கு நடந்தது. 2020இல் கிழக்கின் தொல்லியல் மரபுகளுக்கென்று நியமிக்கப்பட்ட ஜனாதிபதி செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. இப்படி ஊர் பிளந்து கிடக்கும்போது ஒரு மலையடியையோ மரத்தடியையோ பார்த்து ‘இது வேடருடையது’ என்று மூன்றாவது பதில் சொல்பவரை யாருக்கும் பிடிக்காது. எதிர்த்தரப்புக்கு உதவுகிறான் என்பார்கள்.

அடுத்தது ‘தீவிரவாதி’ என்ற முத்திரை. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் தமிழ் இளைஞரை எப்படிப் பார்த்தது என்பது இங்கே வீட்டுக்கு வீடு தெரியும். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பின் அதே பார்வை முஸ்லிம்கள் பக்கம் திரும்பியது. கவிஞர் அஹ்னாப் ஜசீம் தம் தமிழ்க் கவிதைத் தொகுப்பு ‘நவரச’த்துக்காக 2020 மே மாதம் கைதாகி, 2023 டிசம்பரில்தான் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். 2021 மார்ச்சில், ‘வன்முறைத் தீவிரவாத மதக் கருத்து’ கொண்டவர்களை வழக்கில்லாமலே புனர்வாழ்வு நிலையத்துக்கு அனுப்பலாம் என்று ஒழுங்குவிதிகள் வந்தன. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவை அடிப்படை உரிமைகளை மீறுவன என்று தீர்ப்பளித்தது. அத்தகைய முத்திரை விழும்போது பெரிய சமயத்துக்கு நாடாளுமன்றத்தில் குரல் உண்டு, சட்டத்தரணி உண்டு, கொழும்பில் ஒரு திணைக்களம் உண்டு. மரத்தடித் தெய்வத்துக்கு இவற்றில் எதுவும் இல்லை.

அரசியலமைப்பைத் திறந்தால் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. 10ஆம் உறுப்புரை எவருக்கும் விரும்பிய நம்பிக்கையைக் கைக்கொள்ளும் உரிமை தருகிறது. ஆகவே வேடர் சடங்கைச் சட்டம் தடுக்கவில்லை. அங்கீகாரம் என்பது நடைமுறையில் திணைக்களங்களில் இருக்கிறது: பௌத்தத்துக்கு ஒன்று, இந்து சமயத்துக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று, கிறிஸ்தவர்களுக்கு ஒன்று. நான்கு வாசலிலும் நுழையாதவர்களுக்கு ஐந்தாவது வாசல் இல்லை.

வேறு நாடுகளில் வாசல் திறந்திருக்கிறது. ஐஸ்லாந்து தன் பழைய நோர்ஸ் தெய்வ வழிபாட்டை 1973இல் பதிவுசெய்தது. கிரேக்கம் ஒலிம்பிய தெய்வங்களை வணங்குவோரை 2017இல் ஏற்றது. நமக்குக் கிட்டிய உதாரணம் ஜார்க்கண்ட். 2011 இந்தியக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் ஏறக்குறைய 49 லட்சம் பழங்குடியினர் ‘பிற சமயம்’ என்ற இடத்தில் தம் சர்னா வழிபாட்டின் பெயரைத் தாமே எழுதினார்கள். தனிக் குறியீடு வேண்டும் என்று 2020 நவம்பரில் அந்த மாநிலச் சட்டமன்றம் தீர்மானமும் போட்டது.

அங்கே 49 லட்சம் பேர் தாமே பெயரை எழுதினார்கள். இங்கே அப்படியல்ல. வெருகலில் படிவத்தை நிரப்புபவர் பெரும்பாலும் ஆசிரியர் அல்லது கிராம சேவகர். பேனா அவர் கையில். அந்தப் பிள்ளை வருட முடிவில் சைவநெறி வினாத்தாளை எழுதிவிட்டு வீட்டுக்குப் போகும். பந்தல் போட அப்பா காட்டுக்குக் கம்பு வெட்டப் போயிருப்பார்.