யூரின் பை ஊதாவாக மாறும், தெரியுமா?

கட்டிலோரம் தொங்கும் யூரின் பை ஒருநாள் காலையில் பளிச்சென்று ஊதாவாக இருந்தால்? யாரோ மையைக் கொட்டிவிட்டார்கள் என்றுதானே நினைப்போம்! அது கிருமிகள் நடத்தும் சாயப்பட்டறை. சாப்பாட்டில் இருக்கும் டிரிப்டோபானைக் குடல் கிருமிகள் உடைக்கின்றன. கல்லீரல் அதை உருமாற்றிச் சிறுநீரில் அனுப்புகிறது. சிறுநீரை வடிக்கச் செருகியிருக்கும் டியூபில் குடியிருக்கும் கிருமிகள் அதிலிருந்து ஒரு நீலமும் ஒரு சிவப்பும் எடுக்கின்றன. இரண்டும் கலந்தால் ஊதா! அந்த நீலம் எது தெரியுமா? அவுரிச் செடியிலிருந்து எடுத்துத் துணிக்கு ஏற்றுகிறார்களே, சாட்சாத் அதே நீலம்! மலச்சிக்கலோடு படுக்கையில் கிடக்கும் வயதான பெண்களிடம்தான் இது அதிகம்.

புரோட்டியஸ் என்றொரு கில்லாடி இருக்கிறது. கும்பலாகச் சேர்ந்து டியூபின் மேலேயே ஊர்ந்து போகும். யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கும். சிறுநீர் காரமாகி, உப்புகள் கல்லாய்ப் படிந்து, டியூபே அடைத்துக்கொள்ளும்! கிருமிகள் வழவழப்பான படலத்துக்குள் பதுங்கிவிடுவதால் மருந்தும் எளிதில் எட்டாது. அதனால்தான் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்த டியூப் என்றால், மருந்து கொடுப்பதோடு டியூபையும் மாற்றச் சொல்கிறார்கள்.

டியூபால் கிருமித்தொற்று வரும் ஆபத்து யாருக்கு அதிகம்? சர்க்கரை நோயாளிகள், முதியவர்கள், பெண்கள். பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் பாதை 4 செ.மீ.தான், ஆண்களுக்கோ சுமார் 20! ஆனால் இதையெல்லாம் மிஞ்சுவது நாள் கணக்கு. டியூப் இருக்கும் ஒவ்வொரு நாளும் 3 முதல் 7 சதவீதம் பேருக்குப் புதிதாகக் கிருமி சேர்கிறது. ஒரு மாதமானால் அநேகமாக எல்லோருக்கும்! (கிருமி இருந்தாலே நோய் இல்லை. காய்ச்சல், அடிவயிற்று வலி என்று ஏதாவது வந்தால்தான் பெரும்பாலும் மருந்து.)

அந்தக் காலத்தில் டியூபின் நுனியைத் திறந்த பாட்டிலுக்குள் விட்டுவைப்பார்கள். நாலே நாளில் ஏறக்குறைய அத்தனை பேருக்கும் கிருமி! மூடிய பை இதைப் பெரிதும் தள்ளிப்போடுகிறது என்று 1966-ல் அமெரிக்க மருத்துவர் கால்வின் குனின் காட்டினார். ஆனால் பை இடுப்புக்குக் கீழேயே இருக்க வேண்டும். என் பெரியம்மாவை ஸ்கேனுக்குத் தள்ளிப் போனபோது, லிஃப்டில் இடிக்கிறது என்று அட்டெண்டர் பையைத் தூக்கி அவர் வயிற்றின்மேல் வைத்துவிட்டார். டியூபில் மஞ்சள் நீர் விறுவிறுவென்று திரும்பி ஓடியதை நானே பார்த்தேன்!

எல்லாவற்றையும்விட எனக்குத் தூக்கிவாரிப்போட்டது இதுதான். அமெரிக்காவில் 4 ஆஸ்பத்திரிகளில் டாக்டர்களிடம், ‘உங்கள் நோயாளிக்கு டியூப் இருக்கிறதா?’ என்று கேட்டிருக்கிறார்கள். டியூப் இருந்த நோயாளிகளில் 28 சதவீதம் பேர் விஷயத்தில் டாக்டருக்கே அது தெரியவில்லை! 2000-ல் வந்த ஆய்வு அது. பயிற்சி மாணவர்களைவிடப் பெரிய டாக்டர்கள்தான் மோசம்: 38 சதவீதம்!

பெரியம்மாவின் ஸ்கேன் முடிந்த மறுநாள் ரவுண்ட்ஸில் மெல்லக் கேட்டேன், “டியூபை எப்ப சார் எடுப்பீங்க?” டாக்டர் போர்வையை விலக்கிப் பார்த்தார். “சிஸ்டர், இன்னும் எடுக்கலையா?”