‘முதல் பனி’ பார்க்கப் போகிறீர்களா?

டிசம்பரில் ஆரோவில் பக்கத்துக் குயிலாப்பாளையத்துக்கு வெளிநாட்டுக்காரர்கள் வருவது வெயிலுக்காக. அதே டிசம்பரில் திண்டிவனம், விழுப்புரம் குடும்பங்கள் பனிக்காகக் காஷ்மீர் கிளம்புகின்றன. டூர் விளம்பரங்களில் ‘முதல் பனி’ என்பதுதான் பெரிய கவர்ச்சி. அந்தப் பனியின் குணத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது.

சீசன் தொடக்கத்தில் பனி ஓரடி, ஒன்றரையடி நின்றாலே அதிகம். அடியில் தரை அவ்வளவாகக் குளிர்ந்திருக்காது. மேலே மேகமில்லாத ராத்திரியின் கடுங்குளிர். தரையோரத்திலிருந்து நீராவி மேலேறி, பனித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாத ரவையாக ஆக்கிவிடும். பனி மெல்லியதாக இருந்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். பிறகு மேற்கத்திய இடையூறு (மேற்கிலிருந்து வரும் குளிர்காலப் புயல்) வந்து புதுப் பனியைக் கொட்டும்போது, பாரம் முழுக்க அந்த உதிரி அடுக்கின் மேல். 30 முதல் 45 டிகிரி சரிவில் ஒரே ஒருவர் சறுக்கிக் குறுக்கே போனால் போதும், மேலடுக்கு மொத்தமாகப் பெயர்ந்துவிடும். புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் எடுத்தால் பிழைக்க வாய்ப்பு அதிகம். அரை மணி தாண்டினால் கஷ்டம்.

2024 ஜனவரி நடுவில் காஷ்மீரின் குல்மார்க் மைதானம் காய்ந்த புல்லாகக் கிடந்தது. மாதக் கடைசியில்தான் பனி பிடித்தது. பிப்ரவரி 22 அன்று அதற்கு மேலே உள்ள கிலன்மார்க் பக்கம் ஏற்பட்ட பனிச்சரிவில் ரஷ்யர் ஒருவர் இறந்தார். முந்தின ஆண்டு பிப்ரவரி 1 அன்று அஃபர்வத் மலையில் போலந்துக்காரர்கள் இருவர்.

‘தடத்தை விட்டு விலகிச் சறுக்குகிறவர்கள் பாடு அது, நமக்கென்ன?’ என்பார்கள். குறித்த தடங்களில் ஆபத்து குறைவுதான். ஆனால் 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமின் நாதுலா சாலையில் பனிச்சரிவில் இறந்த ஏழு பேர் சும்மா பனி பார்க்கப் போனவர்கள். 2022 அக்டோபர் 4 அன்று, சீசன் தொடங்கும் முன்பே, உத்தராகண்டின் திரௌபதி கா டண்டா மலையில் பனிச்சரிவில் சிக்கியவர்களோ மலையேற்றம் கற்றவர்களும் கற்பித்தவர்களும். 27 உடல்கள் கிடைத்தன, இருவர் கிடைக்கவே இல்லை. நமக்குப் பனிச்சரிவு என்றால் 2016 சியாச்சின்தான். அதில் இறந்த மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் பத்துப் பேரோடு அதை ராணுவ விஷயமாக ஒதுக்கிவைத்துவிட்டோம்.

என் கவலை முன்பணம் கட்டுகிறவர்களைப் பற்றி. சாப்பாடு சைவமா, ரூமில் ஹீட்டர் உண்டா என்று நூறு கேள்வி கேட்கிறோம். அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்பவர் உண்டா? தடத்துக்கு வெளியே கூட்டிப்போகிறேன் என்றால் டிரான்ஸீவர் (சிக்னல் அனுப்பிப் பெறும் கருவி), குத்துக்கோல், மண்வாரி மூன்றும் ஆளுக்கொன்று வேண்டும். வழிகாட்டியிடம் மட்டும் இருந்து பிரயோஜனமில்லை; புதைந்தவர் உடம்பிலும் டிரான்ஸீவர் இருந்தால்தான் தேடுகிறவர் கருவிக்குச் சிக்னல் கிடைக்கும்.