தும்பும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தால்

குருநாகல், புத்தளம், கம்பஹா என்ற நமது தென்னை முக்கோணத்தில் பொச்சுமட்டையை அடித்துத் தும்பாக்கிக் கப்பலேற்றுவதுடன் பெரும்பாலும் நமது வேலை முடிந்துவிடுகிறது. அதே தும்பைப் பிளாஸ்டிக்கில் கலந்து பலகையாகவும் வாகன உட்பாகங்களாகவும் வார்க்க முடியும். இதில் முதல் போட நினைப்பவர்களும், அத்தகைய பலகையைக் கடையில் வைக்க நினைப்பவர்களும் பொருளின் குணத்தை முதலில் அறிந்துகொள்வது நல்லது.

யோசனை புதியதல்ல. கிழக்கு ஜேர்மனியில் 1957 முதல் 1991 வரை உற்பத்தியான டிரபான்ட் காரின் வெளித் தகடுகள் கழிவுப் பஞ்சையும் ரெசினையும் சேர்த்து அழுத்திச் செய்யப்பட்டவைதான்.

சிக்கல் ஒட்டுவதில் இருக்கிறது. தும்பு தண்ணீரை இழுக்கும்; பிளாஸ்டிக் தண்ணீரைத் தள்ளும். போதாததற்குத் தும்பின் மேல் மெழுகுப் படலம் வேறு. அப்படியே கலந்தால் பலகை விறைப்பாக இருக்கும், ஆனால் இழுவிசைக்குத் தனிப் பிளாஸ்டிக்கை விடவும் முன்னதாக உடைந்துபோகலாம். தும்பு சேர்ந்தாலே பலம் கூடும் என்று விற்பவர் சொன்னால் நான் நம்பமாட்டேன்.

இதற்காகவே தும்பைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைக்கிறார்கள். ஆய்வுகூடங்களில் 5 வீதக் கரைசல் சாதாரணம். மெழுகு கழன்று மேற்பரப்பு சொரசொரப்பாகும், பிளாஸ்டிக் பிடித்துக்கொள்ளும். கரைசல் கடுமையானாலோ நேரம் கூடினாலோ தும்பே நைந்துவிடும். பிறகு நன்றாகக் கழுவி, ஈரமில்லாமல் உலர்த்த வேண்டும். ஈரம் மிஞ்சினால் சூட்டில் ஆவியாகிப் பலகைக்குள் குமிழி விழும். கழுவிய காஸ்டிக் தண்ணீரை வயலுக்கோ கிணற்றடிக்கோ விடவும் முடியாது. அதைச் சுத்திகரிக்கும் செலவைக் கணக்கில் சேர்க்காமல் இலாபம் பார்ப்பவர்கள் அவசரப்படுகிறார்கள்.

சூடும் முக்கியம். 200 பாகை செல்சியஸைத் தாண்டினால் தும்பு கருகத் தொடங்கும். பொலிபுரொப்பிலீன் சுமார் 165 பாகையில் உருகுவதால் பொருந்தும். குளிர்பானப் போத்தல் பிளாஸ்டிக்குக்கு 250 பாகை அளவில் வேண்டும். பழைய போத்தலை உருக்கித் தும்பு கலக்கலாம் என்ற கணக்கு அங்கேயே சரிந்துவிடும்.

கண்ணாடி இழையுடன் ஒப்பிட்டால் தும்பின் எடை பாதிக்கும் குறைவு, இழுபட்டுக் கொடுக்கும் தன்மை அதிகம். ஆனால் பலத்தில் கண்ணாடி இழை பல மடங்கு மேல். ஆகவே பாரம் தாங்கும் இடத்துக்கு இது சரிவராது. கதவின் உட்பலகை, தட்டு, பெட்டி போன்றவற்றுக்குச் சரி.

கொள்வனவு செய்யுமுன் ஒரு துண்டை வெட்டி நிறுத்து, 24 மணித்தியாலம் தண்ணீரில் போட்டுவிட்டு மறுபடி நிறுத்துப் பாருங்கள். எடை நன்றாகக் கூடி வெட்டுமுனை வீங்கியிருந்தால், அதைக் குளியலறைக் கதவுக்கென்று கேட்டு வருபவருக்கு விற்க வேண்டாம்.