மவுண்ட் ரோட்டில் நின்ற கர்னல் நீல்

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் வசம் உள்ள கர்னல் ஜேம்ஸ் நீலின் சிலை, 1937 வரை மவுண்ட் ரோட்டில், அதாவது இன்றைய அண்ணா சாலையில், பொதுமக்கள் பார்வையில் நின்றிருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஐரோப்பிய வீரர்களைக் கொண்ட ‘மதராஸ் பியூசிலியர்ஸ்’ என்ற காலாட்படையுடன், கம்பெனி ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சியை அடக்க 1857இல் வடக்கே சென்ற நீல், காசியிலும் அலகாபாத்திலும் கிளர்ச்சியாளர்களோடு ஊர்மக்களையும் தூக்கிலிடச் செய்தார். கான்பூரில் ஆங்கிலேயப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பழியாக, பிடிபட்டவர்களைத் தூக்கிலிடும் முன் அங்கு உறைந்திருந்த இரத்தக் கறையை நாவால் நக்கித் துடைக்கவும் வைத்தார். அவ்வாண்டு செப்டம்பர் 25 அன்று லக்னோவில் சுடப்பட்டு இறந்த அவரை, வங்காளத்தில் கலக வெள்ளத்தை முதலில் தடுத்தவர் என்று சிலையின் பீடம் புகழ்ந்தது.

ஆநிரை மீட்டு மாண்ட வீரனுக்கு அவன் ஊராரே நட்ட கல்லான நடுகல்லை வணங்கிய தமிழ் மரபு, பூம்புகாரில் பிறந்த கண்ணகிக்கும் கல் எடுத்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. தம்மைக் காத்தவருக்கும் நீதி கேட்டவருக்கும் கல் நட்ட மக்களின் நடுவே, தம் நாட்டாரைக் கொன்றவருக்கு நினைவுச்சின்னம் நின்றது பொறுக்க முடியாத அவமதிப்பே ஆகும்.

1927இல் அதை அகற்றக் கோரிய போராட்டத்தில் தொண்டர்கள் சுத்தியலும் கோடரியும் கொண்டு சிலையைத் தாக்கிச் சிறை சென்றனர். கொள்ளிடத்துக்கு வடக்கே கடலூரிலிருந்து வந்த அஞ்சலையம்மாளோடு அவருடைய சிறுமகள் அம்மாக்கண்ணுவும் போராட்டத்தில் இறங்கினாள். அவ்வாண்டு சென்னை வந்த காந்தியடிகள் போராட்டத்தை ஆதரித்ததோடு, அது அகிம்சை வழியிலேயே நடக்க வேண்டும் என்றும் வற்புறுத்தினார். அச்சிறுமிக்கு லீலாவதி என்று பெயரிட்டவரும் அவரே. பத்தாண்டுகளுக்குப் பின், ராஜாஜி தலைமையில் அமைந்த காங்கிரஸ் அரசு சிலையை உடைக்காமல் பெயர்த்து அருங்காட்சியகத்தில் சேர்த்தது. நீலின் செயல்களுக்குச் சான்றாக அதைக் காப்பாற்றிய அம்முடிவு மிகச் சரியானது.

அதே சாலையில், தஞ்சை அரண்மனையிலுள்ள சரபோஜி மன்னரின் பளிங்குச் சிலையை வடித்த சாண்ட்ரியின் கைவண்ணத்தில் உருவாகி 1839இல் நிறுவப்பட்ட சர் தாமஸ் மன்றோவின் குதிரைச் சிலை இன்றும் நிற்கிறது. மன்றோவும் 1780இல் கம்பெனிப் படையில் சேர வந்த இராணுவ அதிகாரியே; ஆயினும் இடைத்தரகரின்றி உழவரிடமே அரசு நேரடியாக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறைக்காகவே மக்கள் அவரை நினைவில் வைத்திருந்ததால், அவர் சிலைக்கு எதிராக அப்படியொரு போராட்டம் எழவில்லை.