ஊசி செருகுபவர் யார்? ஹைதராபாத்தில் மரபு மருத்துவம் தேடுவோர்க்கு

ஹைதராபாத்தில் மரபு மருத்துவத்துக்குப் பஞ்சமே இல்லை. சார்மினாரை ஒட்டி நிஜாமியா யுனானி மருத்துவமனை இருக்கிறது. ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் காலத்துக் கட்டடம் அது. எர்ரகட்டாவில் பி.ஆர்.கே.ஆர். அரசு ஆயுர்வேதக் கல்லூரியும், வெண்புள்ளி முதலான தோல் நோய்களைக் கவனிக்கும் தேசிய யுனானி ஆராய்ச்சி நிறுவனமும் இயங்குகின்றன. இந்த இடங்களில் சிகிச்சை தருபவர் யார் என்று நோயாளி துருவ வேண்டியதில்லை. பட்டமும் பதிவும் இல்லாமல் அரசு வேலை கிடைக்காது. சிக்கல் தெருவோரப் பலகைகளில்தான். அங்கே இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும்: இவருக்குத் தகுதி உண்டா, இந்தச் சிகிச்சை இந்த நோய்க்குப் பலன் தருமா? பலரும் ஒன்றுக்குக் கிடைத்த விடையை இரண்டுக்கும் போதுமென்று எடுத்துக்கொள்கிறார்கள்.

முதல் கேள்வி, ஆயுர்வேதம், யுனானி, சித்தம் மூன்றிலும் எளிது. 1970ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ மத்திய மன்றச் சட்டத்தின் இடத்தில் இப்போது இருப்பது இந்திய மருத்துவ முறைகளுக்கான தேசிய ஆணையச் சட்டம், 2020. ஆயுர்வேதத்துக்கு பி.ஏ.எம்.எஸ்., யுனானிக்கு பி.யு.எம்.எஸ்., சித்தத்துக்கு பி.எஸ்.எம்.எஸ். என்று பட்டங்கள், நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டு பயிற்சியும் முடித்தவர் பெயர் பதிவேட்டில் ஏறும். ஆகவே கேட்க வேண்டியது பதிவு எண். பலகையில் 'ஆர்.எம்.பி.' என்று இருந்தால் மட்டும் போதாது. பதிவுபெற்ற மருத்துவர் என்பதன் சுருக்கமான அந்த மூன்றெழுத்தைத் தெலுங்கு மாநிலங்களில் பட்டமில்லாத கிராமத்து வைத்தியருக்கே சொல்லிப் பழகிவிட்டார்கள். பதிவு இருந்தாலும் அது அவர் படித்த முறைக்கு மட்டுமே. ஹோமியோபதி படித்துவிட்டு அலோபதி மருந்து கொடுத்த ஒருவரின் வழக்கில், தனக்குத் தெரியாத முறையில் வைத்தியம் செய்பவர் போலி மருத்துவரே என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அக்குபங்சரின் நிலைமை வேறு. 1938இல் சீனாவுக்குச் சென்ற இந்திய மருத்துவக் குழுவில் துவாரகாநாத் கோட்னிசுடன் போன பிஜோய் குமார் பாசு, பின்னர் அங்கே இக்கலையைக் கற்று 1959இல் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அரசு இதைக் கண்டுகொள்ள வெகுகாலமானது. 2003 நவம்பர் 25 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் பிறப்பித்த ஆணை, அக்குபங்சர் ஒரு மருத்துவ முறை அல்ல, ஒரு சிகிச்சை வழி மட்டுமே என்றது; பதிவுபெற்ற மருத்துவர்களும் முறையாகப் பயிற்சி பெற்றவர்களும் செய்யலாம் என்று அனுமதித்தது. அங்கீகாரமில்லாத முறைகளில் பட்டம் வழங்குவதையும் 'டாக்டர்' என்று போட்டுக்கொள்வதையும் தடுக்குமாறு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியதும் அதே ஆணைதான். 2019 பிப்ரவரியில் அக்குபங்சர் தனியொரு சிகிச்சை முறையாக ஏற்கப்பட்டது. மேற்கு வங்கமும் மகாராஷ்டிரமும் இதற்கென்றே சட்டம் இயற்றியுள்ளன. தெலங்கானாவில் தனிச் சட்டம் இல்லை. எனவே சுவரில் மாட்டியிருக்கும் 'எம்.டி. (அக்கு)' சான்றிதழ் ஏதோ ஒரு சங்கம் தந்ததாக இருக்கலாம், எம்.பி.பி.எஸ். முடித்து எம்.டி. வாங்கியவருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மாநிலத்தில் மன்றம் இல்லையென்றால் எதை வைத்து அளப்பது? உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டி ஓர் அளவுகோல் தருகிறது. மருத்துவர் அல்லாதவர் முழுநேர அக்குபங்சர் சிகிச்சையாளராக 2,500 மணி நேரம் படிக்க வேண்டும். அலோபதி மருத்துவர் தன் தொழிலோடு சேர்த்துச் சில நோய்களுக்கு மட்டும் இதைச் செய்யக் குறைந்தது 200 மணி நேரம். வார இறுதி வகுப்புகள் சிலவற்றோடு முடியும் படிப்பு இதில் எங்கே நிற்கும் என்பதை வாசகரே கணக்குப் போடலாம். எங்கே, எத்தனை மாதம், யாரிடம் படித்தீர்கள் என்று கேட்டால் முறையாகப் படித்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஊசி உறை கண்முன் பிரிக்கப்படுகிறதா, பயன்படுத்தியதும் கழிக்கப்படுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஒருவருக்குக் குத்திய ஊசி இன்னொருவருக்கு ஹெபடைட்டிஸ் பி-யைக் கொண்டுபோகும். மார்புப் பகுதியில் ஆழமாகச் செருகினால் நுரையீரல் உறை துளைபடும்; அரிதுதான், ஆனால் நடந்திருக்கிறது.

இரண்டாவது கேள்விக்குப் பதிவேட்டில் பதில் இல்லை. ஜெர்மனியில் நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் 1,162 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2007இல் வெளியானது. ஆறு மாதம் கழித்து, முறைப்படி ஊசி செருகப்பட்டவர்களில் 47.6 விழுக்காட்டினருக்குப் பலன் தெரிந்தது. மருந்தும் உடற்பயிற்சியுமாக வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 விழுக்காடு. இது வரைக்கும் நல்ல செய்தி. ஆனால் அக்குபங்சர் புள்ளிகளை வேண்டுமென்றே தவிர்த்து மேலோட்டமாக ஊசி செருகிய மூன்றாவது குழுவிலும் 44.2 விழுக்காட்டினர் தேறினார்கள்! வலி குறைவது மெய். எந்தப் புள்ளி என்பது அத்தனை முக்கியமா என்பது ஐயம். முதுகுவலி, ஒற்றைத் தலைவலி போன்றவற்றுக்கு முயன்று பார்ப்பதில் நியாயம் உண்டு. புற்றுநோயைக் குணமாக்கும் என்று சொல்வதற்கு ஆதாரம் கிடையாது.

பழைய நூல்களைத் தேடுவோருக்கு இந்நகரில் ஒரு கொடுப்பினை இருக்கிறது. கட்டி அன்னாரத்தில் உள்ள தேசிய இந்திய மருத்துவப் பாரம்பரிய நிறுவனம் 1950களில் ஒரு மருத்துவ வரலாற்றுத் துறையாகத் தொடங்கி, 2009இல் இந்தப் பெயரைப் பெற்றது. சரக சம்ஹிதை, சுஸ்ருத சம்ஹிதை ஆகியவற்றை இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்கும்படி ஏற்றியிருக்கிறார்கள். ‘சரகரே சொல்லியிருக்கிறார்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் பொய்யைச் சோதிக்க இது போதும். சரகர் சொன்னது பலிக்குமா என்பதற்கு மருத்துவ ஆய்வுகளைத்தான் பார்க்க வேண்டும்.

சோதிக்க முடியாததற்கு உதாரணமும் இதே ஊரில் உண்டு. ஆண்டுதோறும் ஜூன் தொடக்கத்தில், மிருகசீரிடக் கார்த்தி நாளில், நாம்பள்ளி கண்காட்சித் திடலில் பத்தினி கவுட் குடும்பத்தார் மூலிகைப் பசை அடைத்த சின்ன விரால் மீனை ஆஸ்துமாக்காரர்கள் உயிரோடு விழுங்கத் தருகிறார்கள். 1845இல் ஒரு துறவி தந்த பக்குவம் என்பது குடும்பத்தின் கூற்று. காசு வாங்குவதில்லை, அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பசையில் என்ன இருக்கிறது என்பது ரகசியம். ஜன விஞ்ஞான வேதிகா போன்ற அமைப்புகளின் எதிர்ப்புக்குப் பிறகு, மீன் 'மருந்து' என்ற பெயர் மீன் 'பிரசாதம்' ஆனது. அந்தப் பெயரே பொருத்தம்.

கடையில் வாங்கும் சூரணத்துக்கும் லேகியத்துக்கும் ரகசியம் பேச இடமில்லை. உரிம எண், சேர்மானம், காலாவதித் தேதி மூன்றும் புட்டியில் இருந்தாக வேண்டும். பெயரெழுதாத பொட்டலத்தை வாங்கவே கூடாது. பாதரசமும் ஈயமும் கலந்திருந்தால் நாக்குக்குத் தெரியாது. சர்க்கரை நோய், புற்றுநோய் போன்றவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இன்சுலினையோ இன்ஹேலரையோ உடனே நிறுத்தச் சொல்பவர், பதிவு எண் வைத்திருந்தாலும் சரி, அவரிடம் மறுபடி போக வேண்டாம்.