தேர் போலக் கனக்கும் ஸ்டியரிங்

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் தேரைப் பார்த்திருக்கிறீர்களா? எத்தனை பேர் வடம் பிடித்தாலும் வீதி முனையில் அது தானாகத் திரும்பாது. சக்கரங்களுக்கடியில் கட்டைகளைக் கொடுத்துச் சிறிது சிறிதாகத்தான் திருப்புவார்கள். கார் அப்படியில்லை, முன்சக்கரங்கள் திரும்பும். ஆனால் வயதான கார் சில சமயம் தேராகிவிடுகிறது!

மகாராஜபுரம் போன்ற ஊர்களுக்கு ஒரு காலத்தில் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரி அவசரத்துக்கும் வந்து நின்றது அம்பாஸடர். 2014-ல் அதன் உற்பத்தி நின்றது. ஆசையோடு வைத்திருப்பவர்கள் இன்னும் உண்டு. அதன் ஸ்டியரிங் தண்டின் நுனியிலுள்ள சிறு பற்சக்கரம் ஒரு பற்சட்டத்தை இடமும் வலமும் தள்ளும். சட்டம் சக்கரங்களைத் திருப்பும். அவ்வளவுதான்.

பிறகு ஏன் கனக்கிறது? முதல் சந்தேகம் காற்றின் மேல்தான். ஒரு முன்சக்கரம் 280 கிலோ எடையைத் தாங்குவதாக வைத்துக்கொள்வோம். டயரில் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ என்றால், டயர் சுமார் 140 சதுர சென்டிமீட்டர் அளவுக்குத் தரையில் படியும். அழுத்தம் 1 கிலோவாகக் குறைந்தால்? ஏறக்குறைய 280! நின்ற இடத்தில் திருப்பும்போது இவ்வளவு ரப்பரும் தரையோடு அரைபட வேண்டும். அகலமான டயரை மாட்டினாலும் கை வலிக்கத்தான் செய்யும்.

காற்று சரியாக இருந்தும் கனக்கிறதா? மெக்கானிக் முன்சக்கரங்கள் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி நிறுத்துவார். (நீங்கள் காருக்கு அடியில் நுழையாதீர்கள்!) இப்போது ஸ்டியரிங் லேசாகச் சுற்றினால் குற்றம் டயரிலோ, சக்கரங்களின் சாய்மானத்திலோ இருக்கும். அப்போதும் கனத்தால் குற்றம் உள்ளே. பற்சட்டத்தையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பியைக் கழற்றி, இரண்டையும் தனித்தனியே ஆட்டிப் பார்ப்பார். பல கார்களில் அகப்படும் குற்றவாளி, சக்கரம் திரும்பும் கிங்பின். வருஷக்கணக்காகக் கிரீஸ் காணாமல் துருவேறியிருக்கும்.

இது வெறும் கைவலி சமாசாரமல்ல. வளைவு தாண்டியதும் ஸ்டியரிங் தானே நேராக வர வேண்டும். சக்கரங்களின் சாய்மானம் அதற்காகத்தான். இறுகிய கிங்பின் அதை வரவிடாது. கார் வளைந்துகொண்டே போய் எதிரே வரும் லாரியை நோக்கித் திரும்பலாம்.

சிலர் அழகுக்காகச் சிறிய ஸ்டியரிங் சக்கரம் மாட்டுகிறார்கள். 40 சென்டிமீட்டர் விட்டம் 32 ஆனால், கை கொடுக்க வேண்டிய விசை கால் பங்கு கூடிவிடும். நெம்புகோல் பாடத்தை மறந்துவிட்டார்கள், பாவம்!

பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கர் 1926-ல் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பவர் ஸ்டியரிங்கை ஒரு காரில் பொருத்திக் காட்டினார். 1951-ல் கிரைஸ்லர் கம்பெனி அவ்வகை ஸ்டியரிங்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பழைய காரிலும் இப்போது பொருத்திக்கொள்ளலாம். ஆனால் துருப்பிடித்த கிங்பின்னை அப்படியே விட்டுவிட்டுப் பொருத்தினால், நோயை விட்டுவிட்டு வலியை மட்டும் மறைத்ததாகும்.

உங்கள் சைக்கிளின் முன் டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு, அதன்மேல் அமர்ந்து, நின்ற இடத்திலேயே ஹாண்டில்பாரைத் திருப்பிப் பாருங்கள். பிறகு காற்றடித்துவிட்டு மறுபடி திருப்புங்கள். கடைசியாக, மெல்ல உருட்டிக்கொண்டே திருப்புங்கள். மூன்றில் எது மிக எளிது?