அட்வான்ஸ் வாங்கும் முன் ஒரு சீட்டு

திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில் இருக்கிறது டி. கல்லுப்பட்டி. அங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் ஜே.சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். 1960-இல் மறைந்த அவரைக் கிராமத் தொழில்களுக்காக வாதாடிய பொருளாதார அறிஞராக நினைவில் வைத்திருக்கிறோம். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தவர் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். ஒரு பொருள் யார் கையால், எந்த நிலையில் செய்யப்பட்டது என்று விசாரித்து வாங்குவது வாங்குகிறவரின் கடமை என்பது அவர் கட்சி. இன்றைய சட்டம் அந்தக் கடமையை வாங்குகிறவர் மேல் சுமத்தவில்லை. கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் விற்கிறவர்தான்.

படம் வரைகிறவர்களும் பொம்மை செய்கிறவர்களும் இந்தப் பொறுப்பைத் தங்களுக்கானதாக நினைப்பதில்லை. “நான் என்ன கடையா வச்சிருக்கேன்?” என்பார்கள். தொழிலாகச் செய்து விற்றால், கடை இருக்கிறதா இல்லையா என்று நுகர்வோர் ஆணையம் பார்க்காது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, ரசீது கொடுக்காமல் விடுவதும் பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் முறையற்ற வணிக நடைமுறை. ரசீதில் கெடு எதுவும் எழுதவில்லை என்றால் 30 நாள் என்று சட்டமே கெடு வைத்துவிடுகிறது. வாங்கியவர் தாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம்கூடக் கிடையாது. கோவைக்காரர் வாங்கிய படத்துக்குக் கல்லுப்பட்டிக்காரர் கோவையில் பதில் சொல்ல வேண்டி வரலாம்.

தகராறு எங்கே முளைக்கிறது? மதுரையை ஒட்டிய விளாச்சேரியின் கொலு பொம்மைகளையே எடுத்துக்கொள்ளலாம். மண் பொம்மை பார்சலில் போனால் உடையும் வாய்ப்பு எப்போதும் உண்டு. அந்த நஷ்டம் யாருடையது என்று முதலிலேயே பேசிக்கொள்ளாவிட்டால் இரண்டு பக்கமும் கசப்புதான் மிஞ்சும். போட்டோவில் அரக்காகத் தெரிந்த நிறம் கையில் செங்கல் நிறமாக வந்து சேரும். ஒரு அடி என்று நினைத்தது அரை அடியாக இருக்கும். சொன்ன விவரப்படி பொருள் இருக்க வேண்டும் என்பது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்திலேயே உள்ள விதி. ஆகவே உயரம், எடை, என்ன வண்ணம், எந்தத் துணி, கையால் செய்ததா அச்சா என்பதை எழுதியே அனுப்புங்கள். மதுரை சுங்குடிச் சேலை 2005-இல் புவிசார் குறியீடு பெற்றது. நூலால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றாமல், புள்ளி அச்சடித்த சேலையைக் கைச்சுங்குடி என்று விற்றால் அது பொய் விளம்பரம். வாங்கியவர் ஏமாறுகிறார், முடிச்சுப் போடுகிற பெண்ணின் கூலியும் அடிபடுகிறது.

சொல்லிச் செய்யும் வேலையில்தான் சிக்கல் அதிகம். இறந்துபோன அப்பாவின் பழைய போட்டோவைக் கொடுத்துப் பெரிய படம் வரையச் சொல்கிறார்கள். முடித்துக் கொடுத்தால், “மூக்கு எங்க அப்பா மாதிரி இல்லையே தம்பி” என்கிறார்கள். அவர்கள் துக்கமும் உண்மை, உங்கள் உழைப்பும் உண்மை. பென்சில் கோட்டோவியத்தைக் காட்டிச் சம்மதம் வாங்கிய பிறகு வண்ணத்தைத் தொடுங்கள். இலவசமாக எத்தனை முறை திருத்தம், எந்தத் தேதிக்குள் படம், மீதிப் பணம் எப்போது, வேலையைப் பாதியில் நிறுத்தினால் முன்பணத்தில் எவ்வளவு திரும்பும் என்று ஒரு சீட்டில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். வாட்ஸ்ஆப்பில் அனுப்பி “சரி” என்று பதில் வாங்கினாலும் அது சாட்சியாக நிற்கும். அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள். “அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது” என்று அச்சடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது.

அதே சீட்டில் பதிப்புரிமைக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். நீங்களாக வரைந்த படத்தை விற்றால், படம்தான் கைமாறும். பதிப்புரிமை உங்களிடமே இருக்கும். வாங்கியவர் அதைக் காலண்டரில் அச்சடிக்க உங்களைக் கேட்க வேண்டும். ஒருவர் சொல்லிக் காசு கொடுத்து வரையவைத்த படமானால் கதை தலைகீழ்: வேறு விதமாகப் பேசிக்கொள்ளாத வரை பதிப்புரிமை அவருக்கே. இது பல ஓவியர்களுக்குத் தெரிவதில்லை. ஆனாலும் தன் படைப்பைத் தன் பெயரால் அறியப்படச் செய்யும் உரிமையும், பெயருக்குக் கேடாக அதைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையும் படைத்தவரிடமே தங்கும். டெல்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் பெயர்த்து எடுத்தார்கள். எதிராளி இந்திய அரசே என்றாலும் அவர் விடவில்லை. 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சிற்பத்தை அவரிடமே திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது.

கடைக்காரர் சரக்கை எடுத்துக்கொண்டு பணத்துக்கு அலையவிடுகிறாரா? குறுந்தொழில் செய்பவர்களுக்கான அரசின் உத்யம் பதிவு அங்கே கைகொடுக்கும். பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும் வேண்டும். சரக்கு கொடுக்கும் முன்பே பதிந்துவைப்பது நல்லது. பதிந்த குறுந்தொழில் செய்பவருக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதற்கான அரசு இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். ஆனால் “வித்தா காசு தர்றேன்” என்று கடைக்காரர் வாங்கி வைத்துக்கொண்ட பொம்மைக்கு இந்தக் கெடு பற்றிப் பேசுவது கடினம். அது விற்பனையா, விற்கக் கொடுத்து வைத்ததா என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு மோசடியையும் சொல்லிவிட வேண்டும். ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி, பேரமே பேசாமல் படத்தை வாங்க ஒப்புக்கொண்டு, பணம் வர இந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள் என்பார் ஒருவர். பணம் பெற ரகசிய எண் தேவையே இல்லை. எண்ணைப் போட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். போய்விட்டால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும்.

வாங்கியவர் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லி, அங்கிருந்து உங்களுக்கு அழைப்பு வந்தால் பயந்து போனை அணைக்காதீர்கள். வழக்குக்கு முந்திய சமரச முயற்சி அது. வழக்கே வந்துவிட்டால், வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் வட்டச் சட்டப் பணிகள் குழுவை நாடலாம், அல்லது இலவச சட்ட உதவி எண் 15100-ஐ அழைக்கலாம். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது.